மருந்தில்லாமல் பெருந்தமனிக்குள்

போன வாரம் எங்கள் பழைய கேத் லேப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் ஒன்று போட்டிருந்தார். அரியலூர் பக்கம் புதிதாக வந்திறங்கியிருக்கும் ஒரு மெஷின். ரத்தக்குழாய் எங்கே பிரிகிறது என்று அதுவே கண்டுபிடித்து, திரையில் அதுவே கோடு போட்டுக் காட்டுமாம். நோயாளி அசைந்தால் கோடும் கூடவே நகருமாம். அதற்குக் கீழே ஒரு ஜூனியர் பெண், "வசந்தாக்கா, நீங்க கோட்ட எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டிருந்தாள். "திரை மேல பிளாஸ்டர் ஒட்டினோம்" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன.

சிரிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் கோடும் கூடவே நகரும் என்ற அந்த ஒரு வரியை நான் நாலு தடவை படித்தேன். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் இந்தப் பேச்சு வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் குழுவில் எழுத இடம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வேப்பந்தட்டை. ப்ளஸ் டூ முடித்ததும் திருச்சியில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு, பிறகு பத்து வருஷம் கை உடைந்தது, கால் உடைந்தது என்று படம் எடுத்த வேலை. அதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேத் லேப் திறந்தார்கள், என்னை உள்ளே போட்டார்கள். அன்றைக்குத்தான் என் வேலை ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேத் லேப் என்றால் தொடையிலோ கையிலோ ஊசித் துளை போட்டு, அதன் வழியாகக் கம்பியும் குழாயும் விட்டு, உடம்புக்குள்ளேயே வைத்தியம் பார்க்கிற அறை. எங்கள் பெரிய சார் அதில் ரத்தக்குழாய் மருத்துவர். அவர் பெயரைப் போட்டால் திட்டுவார் என்பதால் பெரிய சார் என்றே சொல்கிறேன். அவருக்கு ஒரு பழக்கம். யாரையும் "செய்" என்று சொல்லவே மாட்டார். "செய்யலாமா?" என்பார். "விளக்க அணைக்கலாமா?" "டேபிள கொஞ்சம் ஏத்தலாமா?" புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் "ஏத்தலாம் சார்" என்று பதில் சொல்லிவிட்டு அப்படியே நிற்பார்கள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவர் கேட்பது கேள்வி இல்லை, உத்தரவு என்று புரிய ஒரு வாரமாவது ஆகும். "லாமா" போகிற அன்றைக்கு சார் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி இரண்டு தடவைதான் நடந்தது.

அந்த அறையில் நாங்கள் அதிகம் சொன்ன சொல் "மருந்து". எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கம்பி தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. அது தெரிவதற்காக உள்ளே ஒரு சாயத்தைச் செலுத்துவோம். அதற்கு மருந்து என்று பெயர். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்கும் மருந்து என்று பெயர். வலி தெரியாமல் இருக்கக் கொடுப்பதும் மருந்துதான். எந்த நேரத்தில் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதை வைத்து நாங்களே புரிந்துகொள்வோம். ஒரு நாளும் குழம்பியதில்லை.

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய். சிலருக்கு அது வயிற்றுக்குள் பலூன் மாதிரி உப்பிக்கொண்டே போகும். வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதற்கு முன்பே தொடை வழியாக உள்ளே போய், துணி சுற்றிய கம்பிக்கூடு ஒன்றை விரித்துவிட்டால் ரத்தம் அதன் வழியாகப் போகும், உப்பிய இடத்தில் அழுத்தம் விழாது. அந்தக் கூட்டுக்கு மேலே ஒரு வாய், கீழே இரண்டு கால். எங்கள் பாஷையில் அது டவுசர். டவுசரை மாட்டுகிற இடம்தான் தலைவலி. பலூனுக்குக் கொஞ்சம் மேலேயே இரண்டு சிறுநீரகங்களுக்கும் ரத்தம் போகிற கிளைகள் பிரிகின்றன. ஒரு விரல் கீழே இறங்கினால் டவுசர் ஒழுகும், ஒரு விரல் மேலே ஏறினால் அந்தக் கிளைகளின் இரண்டு வாயும் அடைந்துபோகும்.

முதலில் நாங்களும் எல்லாரையும் போலச் சாயம் போட்டுப் பார்த்துத்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். உடையார்பாளையத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். சர்க்கரை வியாதிக்காரர், சிறுநீரகம் ஏற்கெனவே பாதி பழுது. டவுசர் அம்சமாக உட்கார்ந்தது. நாங்கள் கை தட்டாத குறைதான். மூன்றாம் நாள் அவருக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. படம் தெளிவாக வர வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பப் போட்ட சாயம் அவர் சிறுநீரகத்தை முடித்துவிட்டது. அதற்கப்புறம் அவருக்கு டயாலிசிஸ்தான். பெரிய சார் அன்று லேப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனதும், "ஒண்ண ஒட்ட வச்சோம், ஒண்ண ஒடச்சுட்டோம் வசந்தா" என்றார்.

அடுத்த வருஷம் அவர் நிர்வாகத்தோடு முட்டி மோதி அந்தக் கருவியை வாங்கினார். ஈர்க்குச்சியைவிடச் சற்றுத் தடிமனான ஒரு குழாய், அதன் நுனியில் அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிறார்களே, அதே ஒலி அலைதான். இதில் அது ரத்தக்குழாய்க்குள்ளேயே போய் நின்றுகொண்டு சுற்றுச்சுவரைப் பார்க்கும். சாயமே வேண்டாம். சார் குழாயை நகர்த்துவார், நான் மெஷினில் உட்கார்ந்து படத்தை அளந்து சொல்ல வேண்டும்.

முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இருபது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் நிழல். இங்கே பெருந்தமனி வட்டமாக, ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கிக்கொண்டு, உள்ளே ரத்தம் புகை போலச் சுழன்றுகொண்டு நிற்கிறது. சுண்ணாம்பு படிந்த இடம் பளீரென்று வெள்ளையாக, உறைந்த ரத்தம் சாம்பல் நிறத்தில். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "வசந்தா, அளக்கலாமா?" என்று சார் மூன்று தடவை கேட்டாராம், சிஸ்டர் ஸ்டெல்லா அப்புறம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஸ்டெல்லா எங்கள் லேப்பின் சீனியர் நர்ஸ். அவளுக்குக் குரல் மட்டும் வெண்கலம், காரிடார் கடைசி வரைக்கும் கேட்கும்.

சிக்கல் என்னவென்றால் அந்தப் படத்தில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. சார் கையைத் திருப்பினால் படமும் திரும்பிவிடும். நல்லவேளையாக, சிறுநீரகக் கிளைகள் பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் பெருந்தமனிக்கு முன்னால் ஒரு சிரை குறுக்கே போகிறது. கறுப்புப் பட்டையாகத் தெரியும். அதைப் பிடித்துவிட்டால், கடிகாரக் கணக்கில் அதுதான் பன்னிரண்டு மணி. அதிலிருந்து "பத்து மணியில ஒரு வாய் தொறக்குது சார், வலது", "மூணு மணியில இன்னொண்ணு, இடது" என்று நான் சொல்லுவேன். வாய் திறக்கிற இடத்தில் சார் குழாயை நிறுத்துவார். அந்த நிமிஷம் எக்ஸ்ரேயில் குழாயின் நுனி எங்கே தெரிகிறதோ, திரையின் கண்ணாடி மேல் அங்கே மெல்லிய பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டுவேன். டவுசரின் மேல் விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒட்டியபிறகு டேபிளை யாரும் தொடக்கூடாது, எக்ஸ்ரே மெஷினின் கையையும் நகர்த்தக்கூடாது.

இதில் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பிளாஸ்டரின் ஓரத்தில் பேனாவால், கோட்டுக்கு நேராக எந்த முதுகெலும்பு நிற்கிறது, அதன் மேல் விளிம்பா கீழ் விளிம்பா என்று எழுதி வைப்பேன். யாரும் சொல்லித்தந்ததில்லை. ஸ்டெல்லா கேலி செய்வாள். "ஊறுகா பாட்டிலுக்கு லேபிள் ஒட்டறா பாரு" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கலியபெருமாள் வந்தார். ரெட்டிபாளையத்துக்காரர். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கிற மைன்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் பாறைக்கு வேட்டு வைத்த ஆள். வயிற்றில் ஏதோ துடிக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குடலேற்றம் என்று யாரோ சொல்ல, விளக்கெண்ணெய் போட்டு வயிற்றைத் தேய்த்து உருவிவிட்டிருக்கிறார்கள், அதுவும் மூன்று தடவை. அதைக் கேட்டபோது எனக்குக் கதிகலங்கிவிட்டது. உள்ளே இருந்தது வெடிக்கக் காத்திருந்த பெருந்தமனி. கடைசியில் அரியலூரில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உடனே எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

சிறுநீரகமும் மோசம். சாயம் போட்டால் நிச்சயம் போய்விடும் என்ற நிலை. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் சம்மதிக்கவில்லை. மகள் தமிழரசியை வெளியே அனுப்பிவிட்டு அவர் பெரிய சாரிடம் பேசியபோது நானும் கூட இருந்தேன்.

அவர் மனைவிக்கு இரண்டு வருஷம் டயாலிசிஸ் நடந்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், ரெட்டிபாளையத்திலிருந்து திருச்சி வரைக்கும் பஸ். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தது தமிழரசி. அதற்காக பி.எட். படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறாள். மனைவி இறந்து ஒரு வருஷம் கழித்து, இப்போதுதான் திரும்பவும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். "அவ படிப்பு ஒரு வாட்டி நின்னது போதுங்க. வயித்துல இருக்கிறது வெடிச்சா ஒரே நாளு, முடிஞ்சுபோச்சு. கிட்னி போச்சுன்னா எம்மவ திரும்பவும் பஸ்ல ஒக்காரணும். அது மட்டும் வேணாம். அப்படி ஆவும்னா என்ன இப்பவே வூட்டுக்கு அனுப்பிடுங்க."

பெரிய சார் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "சாயம் ஒரு சொட்டுகூடப் போட மாட்டேங்க. சிறுநீரகத்துக்குப் போற வழிய அடைக்கவும் மாட்டேன். இது என் பொறுப்பு" என்றார். வாக்கு கொடுத்தது அவர், காப்பாற்ற வேண்டியது நான். கண் மாதிரி இருக்க வேண்டிய மெஷினில் உட்காரப்போவது நான்தானே.

முந்தின நாள் சாயங்காலம், என்னென்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல அவர் கட்டிலுக்குப் போனேன். முழு மயக்கம் கொடுத்தால் அவர் நுரையீரல் தாங்காது, தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி, கூடவே லேசான தூக்கம் என்று முடிவாகியிருந்தது. அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஐம்பத்தாறு வயதுக்காரியை அவர் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டது எனக்கு ஒரே குஷி. "உங்களுக்கு மருந்து போடாமயே பண்ணப்போறோம் ஐயா" என்றேன். அவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். மைன்ஸில் மருந்து என்றால் வெடிமருந்தாம். "'மருந்து போட்டாச்சு'ன்னு ஒரு கொரல் வந்தா, கையில இருக்கிறத போட்டுட்டு பாறை மறைவுல போயி சுருண்டுக்கணும் பாப்பா. யோசிச்சுக்கிட்டு நின்னவன் போயிட்டான்" என்றார். நானும் சிரித்தேன். அதைக் கேட்ட என் காதை எங்கே கொண்டுபோய் வைத்தேனோ தெரியவில்லை, யாரிடமும் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆரம்பித்தோம். சாயம் செலுத்தும் மெஷினை நானே பிளக்கைப் பிடுங்கி மூலையில் தள்ளிவைத்தேன், பழக்க தோஷத்தில் யார் கையாவது அதன் மேல் போய்விடக்கூடாதே என்று. எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. குழாய் உள்ளே ஏறியது. குறுக்கே போகும் சிரை கிடைத்தது. வலது வாய், பத்து மணி. இடது வாய் அதைவிடக் கொஞ்சம் கீழே, மூன்று மணி. கீழே இருப்பதுதான் நமக்கு எல்லை. சார் நிறுத்தினார், நான் பிளாஸ்டரை ஒட்டி, "முதல் இடுப்பு முதுகெலும்பு, கீழ் விளிம்பு" என்று ஓரத்தில் எழுதினேன். தமனியின் அகலத்தை இரண்டு தடவை அளந்து சொன்னேன். ஒலிக்குழாய் வெளியே வந்தது. டவுசர் மடங்கிய நிலையில் வலது தொடை வழியாக உள்ளே ஏறி, கோட்டுக்கு அருகே வந்து நின்றது.

மயக்க டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உறையாமல் இருக்க இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். பெரிய சார் நிமிராமல், "மருந்து போடலாமா சிஸ்டர்?" என்றார். ஸ்டெல்லா போட்டாள். போட்டுவிட்டுத் தன் வெண்கலக் குரலில், "மருந்து போட்டாச்சு சார்" என்றாள்.

கலியபெருமாள் சுருண்டார்.

அரைத் தூக்கத்திலிருந்த மனிதர் தலையையும் தோளையும் உள்ளே இழுத்துக்கொண்டு இடது பக்கம் புரளப் பார்த்தார். உதவி டாக்டர் சட்டென்று தொடையை அமுக்கிப் பிடித்தார், ஸ்டெல்லா தோளைப் பிடித்தாள். எல்லாம் நாலு வினாடி. "ஒண்ணுமில்ல ஐயா, ஒண்ணுமில்ல" என்று அவரை நேராகப் படுக்கவைத்தார்கள். தொடையில் குழாய்கள் அப்படியே இருந்தன. நாடி, அழுத்தம், எல்லாம் சரி. அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஆள் பழையபடி படுத்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தோம், நானும்தான்.

"விரிக்கலாமா?" என்றார் பெரிய சார். அவர் கை டவுசரை விரிக்கும் திருகின் மேல் இருந்தது. உதவி டாக்டர் எக்ஸ்ரே பெடலை மிதித்தார். திரையில் படம் வந்தது, சார் டவுசரைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கோட்டோடு சேர்த்தார். டவுசரின் மேல் விளிம்பு என் பிளாஸ்டர் கோட்டைத் தொட்டும் தொடாமலும் கச்சிதமாக நின்றது. அழகான படம். பாடப்புத்தகத்தில் போடலாம். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பிளாஸ்டர் ஓரத்தில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். கீழ் விளிம்பு என்று எழுதியிருக்கிறது. எலும்பைப் பார்த்தேன். கோடு எலும்பின் நடுவில் நிற்கிறது.

ஐயோ, கோடு நகரவில்லை. ஆள் நகர்ந்துவிட்டார். சுருண்டபோது காலை நோக்கிச் சறுக்கியிருக்கிறார். அவர் கீழே வந்தால் அவருடைய பெருந்தமனியும் கீழே வந்திருக்கும், சிறுநீரக வாய்களும் கீழே வந்திருக்கும். கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டர் மட்டும் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. இப்போது விரித்தால் இரண்டு வாயும் அடைபடும்.

டெக்னீஷியன் ஒருத்தி, திருகில் கை வைத்திருக்கும் சர்ஜனைப் பார்த்து நிறுத்து என்று சொல்வது எங்கள் உலகத்தில் நடக்கிற காரியமில்லை. எனக்கு வாய் அதிகம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வினாடியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயந்தேன், உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் எப்படியோ வந்துவிட்டது.

"சார், நிறுத்துங்க. கோடு இப்ப பொய்."

அவர் கை திருகிலிருந்து விலகவில்லை, திருகவுமில்லை. "அவரத்தான் நேரா படுக்க வச்சாச்சே" என்றாள் ஸ்டெல்லா. பெரிய சார் என்னைப் பார்த்தார். "எவ்வளவு?"

"ஒரு வெரல் கட்டை இருக்கும் சார். கால் பக்கமா எறங்கியிருக்காரு. எலும்பப் பாருங்க."

பார்த்தார். "உறுதியா சொல்றியா?" லாமா எல்லாம் போய்விட்டது. "உறுதி சார்" என்றேன்.

அவர் திருகிலிருந்து கையை எடுத்தார். எலும்பை வைத்துக் கோட்டை நகர்த்திக்கொள்ளலாமே என்று உதவி டாக்டர் சொன்னார். சார் மறுத்துவிட்டார். முதுகு கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தாலும் எலும்புக்கும் குழாய்க்கும் உள்ள கணக்கு மாறும், கண்ணால் பார்க்காமல் விரிக்க மாட்டேன் என்றார். "இடது தொடை வழியா மறுபடி பார்க்கலாமா?" லாமா வந்ததும்தான் எனக்கு உயிரே வந்தது.

ஒலிக்குழாயை இந்தத் தடவை இடது தொடை வழியாக ஏற்றினார். மடங்கிக் கிடக்கும் டவுசருக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு அது மேலே போக வேண்டும். படத்தில் பாதி வட்டத்தைக் கம்பிக்கூட்டின் நிழல் மறைத்தது. சிரையைக் காணவில்லை. "கொஞ்சம் மேல சார், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கறுப்புப் பட்டையின் ஓரம் ஒன்று எட்டிப் பார்த்தது. "சிரை சார்! பன்னெண்டு மணி வந்துருச்சு!" கத்தியேவிட்டேன். வலது வாய் திறந்தது. இன்னும் கீழே வந்தோம். மூன்று மணி நிழலுக்குள் இருந்தது. சார் டவுசரின் குழாயை ஒரு நூல் திருப்பினார், நிழல் விலகியது, இடது வாய் திறந்து துடித்துக்கொண்டு நின்றது. எத்தனை அழகு! அந்த வாயை என்னால் இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும்.

புதுப் பிளாஸ்டர் ஒட்டினேன். பழையதற்கும் அதற்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. ஸ்டெல்லா என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

அதற்கு நடுவில் நான் கலியபெருமாளின் காதருகே குனிந்து, ஏன் ஐயா புரண்டீர்கள், வலித்ததா என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "மருந்து போட்டாச்சுன்னு கொரல் வந்துச்சே பாப்பா. நீங்கெல்லாம் ஓடலியா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முந்தின நாள் சொன்னாரே! பெரிய சார் முகக்கவசத்துக்குள் ஒரு மாதிரி சத்தம் போட்டார், சிரிப்பா இருமலா என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குப் பிறகு எங்கள் லேப்பில் மருந்து என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். சாயத்துக்குச் சாயம், ஹெப்பாரினுக்கு ஹெப்பாரின். வாய் தவறிச் சொன்னவர் எல்லாருக்கும் டீ வாங்கித்தர வேண்டும், ஸ்டெல்லாதான் அதிகம் வாங்கித்தந்தாள்.

"விரிக்கலாமா?" என்று இரண்டாவது தடவை கேட்டார். "விரிக்கலாம் சார்" என்றேன், புதிதாக வேலைக்கு வந்தவள் போல. கூடு விரிந்தது. இரண்டு கால்களும் பொருந்தின. ஒலிக்குழாயை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தோம். டவுசரின் விளிம்புக்கு மேலே இரண்டு வாயும் திறந்தபடி துடித்தன. வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் உப்பிய இடத்துக்குள் ரத்தம் ஒழுகவில்லை. சாயம் ஒரு சொட்டு போடவில்லை.

ஆனால் வாய் திறந்திருப்பது வேறு, சிறுநீரகம் வேலை செய்வது வேறு. வார்டுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகியும் சிறுநீர்ப் பையில் ஒன்றுமில்லை, குழாயில் நாலு சொட்டு நின்றது. பெரிய சார் சாப்பிடப் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு அந்தப் பைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேலை வேறு இடத்தில், இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனேன். தமிழரசி சுவரோரம் நின்றிருந்தாள். அவள் தோளில் ஒரு ரெக்சின் பை. பிளாஸ்க், போர்வை, பழைய ஃபைல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அம்மாவோடு போய் வந்த காலத்துப் பை அது என்று அவளே சொன்னாள். யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை, அவளாகவே தயாராகி வந்துவிட்டாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மணிக்கு நான் வந்தபோது சார் ஸ்டூலிலிருந்து குனிந்து பையைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குழாயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. "இங்க வந்து பாரு வசந்தா, பாரு" என்றார். ஓர் ஆள் மூத்திரம் போவதைப் பார்த்து இத்தனை பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற காட்சியை வேறெங்கும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் அவர் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினோம். கலியபெருமாள் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். சார் டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தமிழரசியிடம் நீட்டினார். அவள் அதைப் படிக்கவில்லை. ரெக்சின் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "வாரத்துல எந்தெந்த நாளு வரணும் சார்?" என்று கேட்டாள்.

"வாரமெல்லாம் இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ. வயித்து மேல ஸ்கேன் வச்சுப் பார்ப்போம், அவ்வளவுதான்."

அவளுக்கு அது காதில் ஏறவில்லை போல. மூணு நாளா, ரெண்டு நாளா என்று மறுபடி கேட்டாள். சார் அதையே மறுபடி சொன்னார். அவள் நோட்டில் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பச் சாரைப் பார்த்தாள்.

"அப்ப திங்கக்கெழம நான் காலேஜ் போலாமா சார்?"

சார் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து கலியபெருமாள் சொன்னார்.

"போம்மா. எட்டு மணி பஸ்ஸ வுட்டுடாத."